வாடகை வாங்கத் தெரியாத கோசலாக்கா

கோசலாக்காவின் படலைக்குள் கால் வைத்த எவரும் தம் பரம்பரையை ஒப்புவிக்காமல் திரும்பியதில்லை. "வாங்கோ, இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போடுவார். தேத்தண்ணி வரும். கோப்பை பாதியாகும்போது, "நீங்கள் எவடம்? ஆற்றை பிள்ளை?" என்று ஊரையும், யாருடைய பிள்ளை என்பதையும் கேட்கத் தொடங்குவார். பிறகு அப்பாவின் ஊர், அம்மாவின் ஊர், அம்மாவின் தமையன் எங்கே கலியாணம் முடித்தவர், அந்தப் பெண்ணின் தகப்பன் என்ன வேலை பார்த்தவர் என்று போய்க்கொண்டே இருக்கும். எங்கேயாவது ஓர் உறவுத் தொடுசல் அகப்பட்டால் அவர் முகத்தில் வருகிற சந்தோசத்தைப் பார்க்க வேண்டும். சீட்டிழுப்பில் பரிசு விழுந்தவர்கூட அவ்வளவு சிரிக்கமாட்டார்.

எனக்கும் இது நடந்தது. ஆறு வருடத்துக்கு முன் ஆங்கில ஆசிரியையாக நெடுந்தீவுக்கு மாற்றலாகி, அறை தேடி அவர் வீட்டுக்குப் போனேன். நான் கரம்பொன்னில் பிறந்தவள். முக்கால் மணித்தியாலம் என்னைத் தோண்டினார். ஒன்றும் அகப்படவில்லை. "ஒரு தொடுசலும் இல்லை" என்று ஏதோ குற்றம் கண்டுபிடித்தவர்போலச் சொல்லிவிட்டு, மனமில்லாமல் வாடகையைச் சொன்னார். சொந்தமாக மட்டும் இருந்திருந்தால் இந்த ஆறு வருடமும் சும்மா இருந்திருப்பேன். அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கோசலாக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. பத்தொன்பது வருடம் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி, சீனி நிறுத்துக் கொடுத்தவர். ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை வாய், எந்த வீட்டில் யார் வந்து நிற்கிறார்கள் என்பதெல்லாம் அந்த நாட்களில் படித்த பாடம். கலியாணம் சரிவரவில்லை. அதனால் வந்த ஒரு சிக்கல்தான் இந்தக் கதைக்கே காரணம். தீவில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் சீதனமாகப் போகும். கலியாணம் நடக்காததால் வீட்டு உறுதிப் பத்திரமும் அவர் பெயரில் எழுதப்படவில்லை. பிறகு வீட்டைத் திருத்தியது தம்பி தயாபரன் கனடாவிலிருந்து அனுப்பிய காசில். ஆகவே உறுதி தம்பியின் பெயரில் போயிற்று. பிறந்ததிலிருந்து அக்கா இருக்கிற வீடு, இருபத்தெட்டு வருடமாக வந்தே பார்க்காத தம்பியின் வீடு.

போன வருடம் மே மாதம் தயாபரன் தொலைபேசியில் பேசினார். ஒலிபெருக்கியில் போட்டுத்தான் கோசலாக்கா எப்போதும் பேசுவார். ஆகவே நானும் கேட்டேன்.

"அக்கா, கூரை முழுக்க மாத்தோணுமெண்டு சொல்லுறியள். என்னாலை இனி ஏலாது. ரெண்டு பிள்ளையளும் படிக்குதுகள். கொழும்பிலை ஒராள் நல்ல விலைக்குக் கேக்கிறான், ஏதோ ஹோட்டல் கட்டப் போறானாம். உங்களுக்கு யாழ்ப்பாணத்திலை வடிவான வீடு ஒண்டு எடுத்துத் தாறன்."

"யாழ்ப்பாணத்திலை போய் நான் ஆரை விசாரிக்கிறது?" என்றார் கோசலாக்கா.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. "இந்த வீடே தன்ரை கூரைக்கு உழைச்சுதெண்டால்?" என்று கேட்டார்.

தயாபரன் கெட்ட மனிதர் இல்லை. களைத்துப்போன மனிதர். "உழைச்சுதெண்டால் நான் ஏன் விக்கிறன்? ஓகஸ்ட் முடியுமட்டும் பாருங்கோ. செப்டம்பர் பிறந்தால் கையெழுத்து வைப்பன்" என்றார்.

உழைக்க வைக்கலாம் என்ற யோசனையைக் கொடுத்தவள் நான்தான். வீடு போனால் என் அறையும் போகும். முழுக்க நல்ல மனதோடு செய்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். அந்த நேரம் தீவே கைத்தொலைபேசிக்குள் கடை விரித்திருந்தது. மேற்கில் ஒருத்தி பனங்கட்டி காய்ச்சுவதை வீடியோ எடுத்துப் போட்டு, கொழும்புக்குப் பெட்டி பெட்டியாக அனுப்பிக்கொண்டிருந்தாள். கடலுக்குப் போனவர்கள் கரைக்கு வரமுன்னமே நண்டைப் படம் எடுத்து யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி விலை பேசினார்கள். ஓட்டோக்காரர்களும் வரைபடத்தில் தங்கள் பெயரைப் போட்டு, ஏறி இறங்குகிறவர்களிடம் ஐந்து நட்சத்திரம் கேட்டுக் கெஞ்சினார்கள். நாலு அறையும் நல்ல தண்ணீரும் இருக்கிற வீட்டுக்கு என்ன குறை? வீட்டை வாடகைக்குப் பகிர்கிற தளம் ஒன்றில் கோசலாக்காவின் வீட்டைப் பதிந்தேன். கற்சுவரையும் முற்றத்து வேம்பையும் படம் எடுத்தேன். குசினியை எடுக்க அவர் விடவில்லை. "உலகம் முழுக்க என்ரை சட்டி பானையைப் பாக்கிறதோ?" என்று கதவைச் சாத்திவிட்டார்.

இரண்டு கிழமையில் முதல் ஆள் பதிந்தான். சயந்தன் என்று பெயர், பாரிசில் பிறந்து வளர்ந்தவன், புது மனைவியோடு மூன்று நாள். காசு தளத்தின் வழியாக முன்னதாகவே வந்துவிட்டது. நான் துள்ளிக் குதித்தேன். அவர்கள் வந்து இறங்கினார்கள். கதிரை, தேத்தண்ணி, "ஆற்றை பிள்ளை?" பத்து நிமிடம்கூட ஆகவில்லை, குசினிக்குள் என்னைக் கூப்பிட்டார்.

"ரீச்சர், உந்தப் பெடியன்ரை அப்பம்மா எங்கடை அம்மாவுக்கு அக்கா முறை. அந்தக் காசைத் திருப்பி அனுப்பும்."

"எந்தக் காசை?"

"வாடகைக் காசை. மருமோனிட்டை வாடகை வாங்கிப்போட்டு நான் ஊருக்குள்ளை எப்பிடி முழிக்கிறது?"

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவனுக்குத் தெரியாது, அவன் ஒன்றும் நினைக்கமாட்டான், பாரிசில் எல்லோரும் வாடகை கொடுத்துத்தான் இருக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னேன். "பாரிசிலை குடுக்கட்டும்" என்றார். திருப்பி அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். அன்றைக்கு நண்டுக் கறி. அதற்கும் செலவு அவருடையதே.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தால் இப்போதும் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. நெடுந்தீவுக்கு வந்து தங்குகிறவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்களின் பிள்ளைகள். தீவோ சின்னது. எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறை. லண்டனிலிருந்து வந்த குடும்பம் பெரியம்மா வழி. சிட்னியிலிருந்து வந்த தாதிப் பெண் பேத்தி முறை. ஒரு யேர்மன்காரன் வந்தான், பொன் நிறத் தலை, இவனாவது தப்பினான் என்று நினைத்தேன். அவன் ஸ்டுட்கார்ட்டில் ஒரு தொழிற்சாலையில் ஜெயரூபன் என்பவரோடு பதினொரு வருடம் ஒன்றாக வேலை செய்தானாம், அவர் சொல்லித்தான் வந்தானாம். ஜெயரூபன் கோசலாக்காவின் ஒன்றுவிட்ட தம்பி. "அப்ப இவனும் தம்பி மாதிரித்தானே, ரீச்சர்" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, பாதியைத் திருப்பும்" என்றார். கண்டியிலிருந்து வந்த இரண்டு பொறியியல் மாணவிகளிடம் மட்டும்தான் முழு வாடகையும் நின்றது. அவர்களிடமும் ஒரு மணித்தியாலம் விசாரித்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

விருந்தாளிகள் எழுதிய மதிப்புரைகளோ வானளாவ இருந்தன. எல்லாம் ஐந்து நட்சத்திரம். "எனக்கு இங்கே ஒரு மாமி இருக்கிறார் என்று தெரியாமல் இருபத்தேழு வருடம் வாழ்ந்திருக்கிறேன்" என்று சயந்தன் எழுதினான். சிட்னிப் பெண் கோசலாக்கா விசாரிப்பதை வீடியோ எடுத்துப் போட, அது முகநூலில் ஓடு ஓடென்று ஓடியது. விளம்பரத்துக்கு ஒரு சதமும் செலவழிக்காமல் இவ்வளவு பெயர் வாங்கிய வீடு வடமாகாணத்திலேயே இருந்திராது. பெயர் வந்தது, காசு போனது.

பெயர் வந்ததும் கள்ளர்களும் வந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து நாலு பெடியள், பதிவு செய்யாமலே மோட்டார் சைக்கிள்களைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கி, வாசலிலேயே "மாமி, நாங்களும் நெடுந்தீவுதான்! அப்பப்பா கிழக்காலை" என்றார்கள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். கோசலாக்கா கதிரை போட்டார், தேத்தண்ணி கொடுத்தார்.

"கிழக்கிலை எவடத்திலை?"

ஒருவன் வரைபடத்தில் பார்த்து வைத்திருந்த ஓர் இடத்தைச் சொன்னான்.

"அப்பிடியே? குடிக்கத் தண்ணி எங்கை அள்ளினதாம் அப்பப்பா?"

"வீட்டுக் கிணத்திலைதான், மாமி."

கோசலாக்கா சிரித்தார். "அந்தப் பக்கத்துக் கிணறு மாடும் வாய் வைக்காத உப்பு, தம்பி. அரை மைல் நடந்து நல்ல தண்ணிக் கிணத்துக்குப் போகாமல் அங்கை ஒரு வீட்டிலையும் உலை வைச்சதில்லை. ரீச்சர், நாலு பேருக்கும் முழு வாடகை போடும்." போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக ஒரு பொத்தானை அழுத்தியதில்லை. பெடியள் நல்ல பிள்ளைகள், அசடு வழிந்துகொண்டே கட்டினார்கள். பின்னேரம் அவர்களுக்குக் கூழ் காய்ச்சிக் கொடுத்தார் என்பது வேறு கதை.

ஜூலை பிறந்தது. கூரைக்கு வேண்டியதில் கால்வாசியும் சேரவில்லை. ஒரு நாள் மழை தூறியபோது நடு அறையில் மூன்று இடத்தில் சட்டி வைத்தோம். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அக்கா, உங்களுக்கு வீடு வேணுமோ, விசாரணை வேணுமோ? ரெண்டிலை ஒண்டைச் சொல்லுங்கோ."

அவர் ஒழுகுகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "வீடு வேணும், ரீச்சர்" என்றார் மெதுவாக. "இதுக்குள்ளைதான் அம்மா, அப்பா ரெண்டு பேரும் கண் மூடினவை. தயாபரன் தவண்டதும் இதுக்குள்ளைதான். விட்டிட்டு நான் எங்கை போறது?"

ஒரு கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: "வந்தவர் படகு ஏறும்வரை ஊர், பேர், உறவு கேட்பதில்லை." அவரைக் கையெழுத்து வைக்கச் செய்து அலுமாரிக் கதவில் ஒட்டினேன். தெரியாத உறவுக்கு வாடகை திருப்ப வேண்டியதில்லை, கேட்டால்தானே தெரியும் என்பது என் வாதம். வருகிறவர்களை நானே ஆங்கிலத்தில் வரவேற்பேன், அவர் சமைத்துத் தந்தால் போதும் என்று ஏற்பாடு.

அவர் சொல் தவறவில்லை. அந்த மனிசி பட்ட பாட்டை நான்தான் பார்த்தேன். தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடிவிடுவார். அங்கிருந்து யன்னல் சீலையை விலக்கி, வந்தவர்களின் மூக்கையும் நெற்றியையும் தாடையையும் ஆராய்வார். "அந்த நாடி கிழக்குப் பக்கத்து நாடி, ரீச்சர்" என்று என் காதுக்குள் சொல்வார். "அக்கா, தாள்" என்பேன். பெருமூச்சு விட்டுக்கொண்டு தேங்காய் துருவப் போய்விடுவார். ஜூலையும் ஓகஸ்டின் முதற்பாதியும் இப்படியே போயின. ஒருவர் காசும் திரும்பவில்லை. நல்ல வியாபாரம், வீடு மட்டும் ஆஸ்பத்திரி மாதிரி அமைதியாகிவிட்டது.

ஓகஸ்ட் பதினேழாம் திகதி கடைசி விருந்தாளி வந்தார். நோர்வே, பேர்கன் நகரம், பெயர் லிங்கம் என்று மட்டும் பதிந்திருந்தார். ஆறு இரவு. அந்த ஆறு இரவின் காசோடு கூரைக்குத் தேவையானது நிரம்பிவிடும். ஓடும் மரமும் யாழ்ப்பாணத்தில் விலை பேசி வைத்தாயிற்று, தயாபரனுக்கும் சொல்லியாயிற்று.

வந்தவர் அறுபத்தெட்டு வயது மனிதர், ஒடிசல், சின்னத் தொப்பி. நான் ஆங்கிலத்தில் வரவேற்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு அவரும் ஆங்கிலத்திலேயே நன்றி சொன்னார். காலையில் சாப்பிட்டுவிட்டு நடக்கப் போவார். மத்தியானம் வந்து வேம்பின் கீழ் கதிரையில் இருப்பார். யாராவது வேலியோரம் போனால் நிமிர்ந்து பார்ப்பார். அவர்கள் யாரோ வெள்ளைக்காரருக்குச் செய்வதுபோலத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். குசினிப் பக்கமும் பலமுறை பார்ப்பார். தண்ணீர் வேண்டுமோ என்று நான் ஆங்கிலத்தில் கேட்பேன். வேண்டாம் என்பார்.

மூன்றாம் நாள் கோசலாக்கா என் கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்தார்.

"ரீச்சர், உந்த மனுசன் எங்கடை ஆள். மேற்காலை கற்சுவருக்குள்ளாலை ஒரு குறுக்குப் பாதை இருக்கு. வரைபடத்திலை இல்லை, ஊராளுக்குத்தான் தெரியும். அதுக்குள்ளாலை வந்து ஏறுறார். நான் ஒருக்கால் கேக்கட்டே?"

"வேண்டாம் அக்கா."

"ஒரேயொரு கேள்வி."

"உங்கடை ஒரு கேள்வி நாப்பது கேள்வி. இன்னும் மூண்டு நாள்தான். கூரையை நினையுங்கோ."

அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நான்தான் தடுத்தேன். இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

இருபத்து மூன்றாம் திகதி காலை ஆறு மணிக்கு அவர் பெட்டியோடு புறப்பட்டார். கோசலாக்கா வாசலில் நின்று கும்பிட்டார். அவரும் கும்பிட்டார். வேம்பை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஓட்டோவில் ஏறினார். ஏழு மணிக்குப் படகு. ஆறே முக்காலுக்கு என் தொலைபேசியில் மதிப்புரை வந்து விழுந்தது. துறைமுக வரிசையில் நின்றுகொண்டே எழுதியிருக்கிறார். மூன்று நட்சத்திரம். எங்களுக்கு விழுந்த முதல் மூன்று.

"என்ன எழுதியிருக்கு?" என்று கோசலாக்கா கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"வீடு சுத்தம். சாப்பாடு மிக நன்று. நாற்பத்து நாலு வருடத்துக்குப் பிறகு நான் பிறந்த தீவில் ஆறு நாள் இருந்தேன். நான் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை."

கோசலாக்காவின் முகம் வெளிறிப் போனது. அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. அலுமாரிக் கதவில் இருந்த தாளைக் கிழித்துக் கசக்கி அடுப்புக்குள் போட்டார். "ஸ்கூட்டரை எடும்" என்றார்.

அந்தப் பாதையில் அப்படி ஒருநாளும் நான் ஓட்டியதில்லை. தென்மேற்குச் சோளகக் காற்று முகத்தில் மணலை அள்ளிக் கொட்டியது. பின்னால் இருந்து கோசலாக்கா என் தோளை நசுக்கிக்கொண்டு, "கெதியாப் போம், கெதியாப் போம்" என்று கத்திக்கொண்டே வந்தார். மாவிலித்துறையில் போய் நின்றபோது படகு பாதி நிரம்பிவிட்டது. லிங்கம் ஒரு காலைப் படகில் வைத்திருந்தார்.

"ஐயா, பொறுங்கோ!" துறையே திரும்பிப் பார்த்தது. செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றுவிட, ஒற்றைச் செருப்போடு கோசலாக்கா ஓடினார். மூச்சு வாங்க அவர் முன்னால் போய் நின்று கேட்டார். "நீங்கள் ஆற்றை பிள்ளை?"

அந்த மனிதர் வைத்த காலை எடுத்தார். தொப்பியைக் கழற்றினார். தமிழ் மெதுவாக, துருப்பிடித்த பூட்டைத் திறப்பதுபோல வந்தது.

"வைத்தியலிங்கத்தின்ரை மகன். கடைசி. தியாகலிங்கம்."

"எந்த வைத்தியலிங்கம்? மேற்கிலை நாட்டு வைத்தியம் பாத்த பரியாரியாரோ? சுருட்டுக் கடை வைச்சிருந்தவரோ?"

"பரியாரியார்."

"அப்ப பரமேஸ்வரி மாமி?"

"என்ரை மூத்தக்கா."

வரிசையில் பனையோலைக் கடகத்தோடு நின்ற மனிசி ஒருத்தி, "ஓமோம், பரமேஸ்வரியக்கான்ரை சின்னத் தம்பி! பள்ளிக்கூட மதிலாலை விழுந்து கை முறிஞ்சவரெல்லோ!" என்றாள். அவர் இடது கையைத் தூக்கிக் காட்டினார். படகுக்காரர் உள்ளே இருந்து, ஏறுகிறாரோ இல்லையோ என்று கத்தினார். அவரை யாரும் கவனிக்கவில்லை.

"பரமேஸ்வரி மாமியைக் கலியாணம் முடிச்சவர் எங்கடை அம்மான்ரை ஒண்டுவிட்ட தம்பி, எனக்கு மாமா" என்றார் கோசலாக்கா. விரல் விட்டு ஒருமுறை சரிபார்த்தார். "அப்ப நீங்கள் எனக்குச் சித்தப்பா. ஆறு நாள் என்ரை வீட்டிலை இருந்தியள், நான் கேக்கேல்லை. பிழைதான், சித்தப்பா. வாங்கோ வீட்டை."

தியாகலிங்கம் தொப்பியால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நானாப் போய் என்னெண்டு சொல்லுறது, பிள்ளை? ஆரும் கேட்டாத்தானே" என்றார். யாரோ அவருடைய பெட்டியைப் படகிலிருந்து இறக்கினார்கள். படகு போய்விட்டது.

கோசலாக்கா என்னை ஒரு பக்கமாக இழுத்தார். "ரீச்சர், சித்தப்பான்ரை காசு."

ஓகஸ்ட் முடிய எட்டு நாள் இருந்தது. வேறு ஒரு பதிவும் இல்லை. அந்தக் காசு போனால் கூரை இல்லை, கூரை இல்லையென்றால் கையெழுத்து. இரண்டு பேருக்கும் தெரியும். நான் வாதாடவில்லை. அங்கேயே நின்று பொத்தானை அழுத்தினேன்.

"கூரைக் கதை அவருக்குத் தெரியக் கூடாது" என்றார். "சொன்னால் காசு கேட்ட மாதிரி."

அன்றைக்கே தியாகலிங்கம் ஐயா மதிப்புரையை அழிக்கப் பார்த்தார். தளம் விடவில்லை. வீட்டுக்காரர் பதில் எழுதலாம் என்று மட்டும் இருந்தது. கோசலாக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "சித்தப்பா, கேக்காதது எங்கடை பிழை. இனி ஆர் வந்தாலும் கேப்பன். வாடகை போனால் போகட்டும்." ஆங்கிலத்தில் போடும்போது கடைசி வரியை விட்டுவிட்டேன். பிறகு வெட்கப்பட்டு அதையும் சேர்த்தேன்.

வீடு திரும்பவும் சந்தையானது. மேற்கிலிருந்து ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். ஐயா தன்னோடு படித்தவர்களின் பெயரைச் சொல்வார், கோசலாக்கா அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்வார். ஓடு விற்கிறவருக்குத் தொலைபேசி எடுத்து, இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் என்று நான் சொன்னேன். கோசலாக்கா அலுமாரியைத் திறந்து சேலைகளைப் பெட்டிக்குள் மடித்து வைக்கத் தொடங்கியிருந்தார், அதையும் நான் கண்டேன். வாசலில் சிரிப்பும் உள்ளே மடிப்புமாக ஐந்து நாள் போயிற்று.

இருபத்தெட்டாம் திகதி தயாபரன் தொலைபேசி எடுத்தார். வழக்கம்போல ஒலிபெருக்கி. வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"அக்கா, அந்த மூண்டு நட்சத்திரம் போட்ட மனுசன் ஆர்?"

அப்போதுதான் தெரிந்தது, வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்து தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறவர் அவர். கோசலாக்கா ஒரு மணித்தியாலம் கதை சொன்னார். பரியாரியாரில் தொடங்கி, ஒற்றைச் செருப்பில் முடித்தார். தயாபரன் கடைசியில், "சரி அக்கா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் காலை நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அதிர்ந்தது. புதிய பதிவு. பொங்கலையொட்டிப் பதினாலு இரவு, நாலு அறையும். முழுக் காசும் கட்டியாயிற்று. பெயர் தயாபரன். விருந்தாளியின் செய்தி என்ற இடத்தில் தமிழில் எழுதியிருந்தார். "அக்கா, கையெழுத்து வைக்கேல்லை. வைக்கவும் மாட்டன். பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாறன். நான் வந்து இறங்கேக்கை ஆரெண்டு கேக்க அங்கை ஒராள் இருக்கோணும்."

வாய் நுரையோடு குசினிக்கு ஓடினேன். கோசலாக்கா இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு அடுப்படியிலேயே இருந்துவிட்டார். சிரித்தார், கண்ணால் தண்ணீரும் ஓடியது. எனக்கும் ஓடியது. கூரைக்கு வேண்டியதற்கு மேலாகவே அந்தப் பதினாலு இரவில் இருந்தது. ஆனால் மூன்று மாதப் பழக்கம் விடுமா? என் விரல் தானாகத் திருப்பி அனுப்பும் பொத்தானுக்குப் போயிற்று.

"அக்கா, கூடப் பிறந்த தம்பி. திருப்பிவிடட்டே?"

"கையை எடும்!" அவர் எழும்பி வந்து என் கையைத் தட்டிவிட்டார். "ஒரு சதம் திருப்பக் கூடாது. சும்மா வா, சும்மா வாவெண்டு இருபத்தெட்டு வருசம் கூப்பிட்டனான், ரீச்சர். வரேல்லை. காசு கட்டினவன் வராமல் விடான்."